படத்தில் இல்லாத கோடு

வெதுருகுப்பத்தில் என் புகுந்த வீட்டுக்கு நாங்கள் இரண்டு மருமகள்கள். மூத்தவளான நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயில். என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, கணக்கில் பாஸ், இங்கிலீஷில் பெயில். எழுபதுகளின் தொடக்கத்தில், என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, இருவரும் மறுபடி பரீட்சைக்குக் கட்டினோம். பாஸானால் சித்தூரில் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம் என்பது என் ஆசை.

மத்தியானங்களில் அவளுக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். அவள் சமையற்கட்டுத் தரையில் சல்லடையைக் கவிழ்த்து, அதைச் சுற்றிக் கரியால் வட்டம் வரைவாள். வட்டத்துக்குள் தெரியாத கோணத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு என்றாலே எனக்கு உதறல்.

"இன்னாக்கா, படத்தையே பாத்துகினு உக்காந்துக்கிறே? மையத்துலேருந்து ஒரு கோடு இழு."

"படத்துல அந்தக் கோடு இல்லியேம்மா."

"இல்லன்னா நாம போடக்கூடாதா? யாரு கேக்கப்போறாங்க?"

கேட்டதும் சிரித்துவிட்டேன். எனக்குப் பயம் விட்டது அன்றைக்குத்தான்.

பரீட்சை திருப்பதியில். கேள்வித்தாளில் ஒரு வட்டம், அதன்மேல் மூன்று புள்ளிகள். ஓரப் புள்ளிகள் இரண்டையும் மையத்தோடும் நடுப்புள்ளியோடும் சேர்த்திருந்தார்கள். ஓரப் புள்ளிகளில் உள்ள கோணங்கள் இருபது டிகிரி, முப்பது டிகிரி. மையத்தில் உள்ள கோணம் எவ்வளவு? மையத்திலிருந்து நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தேன். மையத்திலிருந்து வரும் கோடுகள் எல்லாம் ஒரே நீளம். அதனால் அந்த இருபதும் முப்பதும் நடுப்புள்ளியில் அப்படியே வந்து உட்கார்ந்தன. சேர்த்தால் ஐம்பது. மையத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு, நூறு. எனக்கு அழுகை வந்தது.

நான் பாஸானேன். அவள் இந்த முறையும் இங்கிலீஷில் பெயிலாகிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூசி அடுப்படியில் நின்றேன். அவளே வந்தாள்.

"நீ சித்தூருக்குக் கிளம்புக்கா. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

பயிற்சி முடியும்வரை நான் விடுதியில் இருந்தேன். என் மகன் அவள் இடுப்பில் வளர்ந்தான். அடுத்த வருஷம் அவள் இங்கிலீஷ் எழுதியபோது, லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய், பரீட்சைக்கூட வாசலில் அவனை வைத்துக்கொண்டு நின்றேன். என்னிடம் இருக்க மாட்டாமல் அழுதுகொண்டே இருந்தான். அவள் வெளியே வந்ததும் தாவினான்.

"நல்லா எழுதிட்டேன்க்கா," என்றாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், பாஸானாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். என் மகன் இன்றும் அவளைத்தான் அம்மா என்பான். நான் சித்தூரம்மா. அதில் எனக்கு வருத்தமே இல்லை.