வாய்க்காலுக்கு இருபுறமும் ஒரே வார்டு

நான் வாக்கப்பட்டு வந்த வீடு வாய்க்காலின் மேற்குக் கரையில் இருந்தது. கிழக்குக் கரையில் என் அண்ணனின் தோட்டம். நடுவே ஒரு பனந்தண்டுப் பாலம். இந்தப் பக்கம் கொள்ளுப் பருப்பு கடைந்தால் ஒரு போசியில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அடுப்பு அணைவதற்குள் திரும்பிவிடுவேன். பிறந்த வீடும் புகுந்த வீடும் இவ்வளவு கிட்டத்தில் அமைய நான் கொடுத்துவைத்தவள் என்று வேலந்தாவளம் சந்தைக்குப் போகிற பெண்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பஞ்சாயத்து வந்தபோது அந்த வாய்க்காலையே வார்டு எல்லையாக வைத்தார்கள். மேற்கே மச்சாண்டார் மெம்பர். மச்சாண்டார் என்றால் என் கணவரின் அண்ணன்; அவர் வீடு எங்களுக்கு அடுத்தது, அடுப்பு மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்று. கிழக்கே என் அண்ணன் மெம்பர். இருவரையும் எதிர்த்து யாரும் நின்றதில்லை. கூட்டம் நடக்கும் நாளில் இருவரும் ஒரே சவாரி வண்டியில் போய்வருவார்கள்.

ஒரு வெயில் காலத்தில் சர்வே குமஸ்தா ஒருவர் வந்தார். சங்கிலி பிடிக்க ஆட்கள், சிவப்புத் துணி கட்டிய குச்சிகள், வரைபடம் சுருட்டிய தகரக் குழாய், இவ்வளவும் கூட. எங்கள் வாசல் வேப்பமரத்தடியில்தான் பலகையை வைத்து வரைந்தார். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர். நான் மோர் கொடுத்தனுப்பினேன். அவர் தாளில் வாய்க்காலை நீல மையால் இழுத்ததைச் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். முன்பு அந்த நீலக் கோட்டின் மேலேயே வார்டு எல்லைக்கான சிவப்புக் கோடும் ஓடுமாம். இந்தத் தடவை சிவப்புக் கோடு எங்கோ தெற்கே, சந்தைப் பாதையோடு போனது. வார்டுகளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. வாய்க்காலுக்கு இருபுறமும் ஒரே வார்டு, ஒரே மெம்பர்.

மோர் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

பேச்சு அண்ணனிடமிருந்து தொடங்கியது. மாட்டுச் சாலையில் சாணி அள்ளிக்கொண்டு நான் தனியாக இருக்கும்போது வந்தார். இந்தத் தடவை மச்சாண்டார் ஒதுங்கிக்கொண்டால் அடுத்த தடவை தான் ஒதுங்கிக்கொள்வதாகவும், அதை என் கணவர் காதில் போட்டுவைக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் போட்டேன். அவர் தன் அண்ணனிடம் போட்டார். மச்சாண்டாரின் பதில் அவர் மனைவி வழியாக எனக்கு வந்தது: வயதில் மூத்தவர் இவர், முதல் தடவை இவருக்கு விட்டுக்கொடுப்பதுதான் முறை என்று என் அண்ணனிடம் நான் சொல்ல வேண்டுமாம். பாலம் தாண்டிப் போய்ச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் திரும்பிவந்து யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் எதைக் கொண்டுபோனாலும் குற்றமானது. அங்கே போனால் இங்கே நடப்பதைச் சொல்கிறாள் என்றார்கள். இங்கே வந்தால் அங்கே கேட்டதை மறைக்கிறாள் என்றார்கள். ஒருநாள் மச்சாண்டாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அம்மிணி, ஓட்டு முடியற வரைக்கும் பாலத்துப் பக்கம் போவ வேண்டாம்னு அவிய சொல்லச் சொன்னாங்க."

நான் போகவில்லை. அதே வாரம் அண்ணன் அந்தப் பக்கத்தில் பாலத்தின் முனையில் முள் வெட்டிப் போட்டுவிட்டார். ஆடு தாண்டுகிறது என்று காரணம் சொன்னாராம்.

அம்மா அந்தக் கரையில் துணி துவைப்பாள். நான் இந்தக் கரையில் துவைப்பேன். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லாத வாய்க்கால் அது. கூப்பிட்டுப் பேசினால் இரண்டு வீட்டுக்கும் கேட்கும் என்பதால் இருவரும் பேசமாட்டோம். அவள் துவைத்து முடித்தும் கொஞ்ச நேரம் கல்மேல் உட்கார்ந்திருப்பாள். நானும் உட்கார்ந்திருப்பேன். பிறகு வீட்டுக்குள்ளிருந்து யாராவது என்னைக் கூப்பிடுவார்கள்.

இத்தனைக்கும் எனக்கு ஓட்டு இருந்தது. அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த வயல் என் பேரில் இருந்தது, வரியும் என் பேரில்தான். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. அந்த வார்டில் ஓட்டு உள்ள பெண்கள் கொஞ்சப் பேர். அதில் இரண்டு வேட்பாளர்களுக்கும் சொந்தமானவள் நான் ஒருத்தி. யாருக்குப் போடுவேன் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு வீட்டிலும் அதற்கு விடை தெரிந்தவர்களாகவே நடந்துகொண்டார்கள்.

எனக்குள் ஒரு முடிவு இருந்தது. இருவருக்கும் போடக்கூடாது. சீட்டை வாங்கி, அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அப்பா எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். சீட்டைப் படித்துவிடலாம், யார் துணையும் வேண்டியிருக்காது என்று நம்பினேன்.

ஓட்டு நாளில் கூண்டு வண்டியில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெண்களுக்குத் தனியாக ஓர் அறை. மேசைக்குப் பின்னால் ஓட்டு நடத்துகிற குமஸ்தா. அவருக்கு இருபுறமும் வேட்பாளர்களின் ஆட்கள் உட்காரலாம். அண்ணனின் ஆளாக அவருடைய மைத்துனர் உட்கார்ந்திருந்தார். மச்சாண்டாரின் ஆளாக என் கணவர் உட்கார்ந்திருந்தார். காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு முன்னாடியே கிளம்பியவர் எங்கே போகிறார் என்று நான் கேட்டிருக்கவில்லை.

சீட்டை நீட்டினார்கள். மலையாள சர்க்கார் அச்சடித்த சீட்டு; அதில் எல்லாம் மலையாள எழுத்து. ஓர் எழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை. நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு குமஸ்தா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாசிக்கத் தெரியாதவர்கள் பெயரைச் சொன்னால் அவரே குறி போட்டுக் கொடுப்பது வழக்கம்.

"ஆர்க்கா ஓட்டு? பேரு சொல்லணும்" என்றார்.

மச்சாண்டார் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அவர் எதிரில்கூட நிற்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச்சைக் கேட்டுக்கொள்வது. அண்ணன் பெயரைச் சொல்லத் தடை ஒன்றுமில்லை, ஆனால் எதிரே கணவர். யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல நாக்கைப் புரட்டினேன். சொல் வெளியே வருவதற்குள் குமஸ்தா இன்னொரு தடவை கேட்டார். பின்னால் நின்ற பெண்கள் சலசலத்தார்கள்.

என் கணவர்தான் பேசினார். குரலை உயர்த்தாமல், சாதாரணமாகச் சொன்னார்:

"எங்க அண்ணம் பேர எங்கூட்டுப் பொம்பளைக சொல்ல மாட்டாங்க. அதுனாலதானுங்க பேசாம நிக்குது."

அண்ணனின் மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டுவேன் என்று அவர் ஒரு கணம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். தலையாட்டினால் என் கணவர் சொன்னது பொய் என்று ஊர் முன்னால் ஆகும். நான் கழுத்தை அசைக்கவில்லை. குமஸ்தா குறி போட்டு, தாளை மடித்து, என் கையில் கொடுத்தார். பெட்டிக்குள் போட்டது என் கைதான்.

மச்சாண்டார் ஜெயித்தார். விரல்விட்டு எண்ணிவிடுகிற வித்தியாசம்தான். அண்ணன் வீட்டில் அந்த விரல்களில் முதல் விரல் நான்தான் என்று ஆனது. மைத்துனர் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறார்: பேசாமல் நின்றாள், மறுக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது. அம்மா துவைக்கிற கல்லை மாற்றிக்கொண்டாள். வாய்க்கால் வளைவுக்கு அப்பால், எங்கள் வீட்டிலிருந்து தெரியாத இடத்துக்கு.

எங்கள் பக்கத்தில் எனக்கு மதிப்புக் கூடியது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அக்கா எனக்கு முதலில் இலை போட்டார். வருகிறவர்களிடம் எல்லாம் கூடப்பிறந்தவனைவிடக் குடும்பம்தான் பெரிது என்று காட்டியவள் என்று என்னைச் சொன்னார்கள். நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கணவரிடம் ஒருநாள் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. நீ வேறு யாருக்குப் போடுவாய் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்றார். அவர் நிஜமாகவே அப்படி நினைத்தாரா, அல்லது என்னை அந்த இக்கட்டிலிருந்து விடுவிக்கச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கெட்ட மனிதர் அல்ல. தன் அண்ணன் முன்னால் அவருக்கு எப்போதும் குரல் இறங்கிவிடும், அவ்வளவுதான்.

அடுத்த வெயிலில் மச்சாண்டார் வார்டு வரைபடத்தின் நகல் ஒன்றைக் தாலுகா கச்சேரியிலிருந்து கொண்டுவந்து தன் வீட்டு முன்கூடமான ஆசாரத்துத் தரையில் விரித்தார். சர்வே குமஸ்தா எங்கள் வேப்பமரத்தடியில் வரைந்த அதே படம். வீடுகள் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. தனக்குப் போட்ட வீட்டுக்கு மஞ்சள், அண்ணனுக்குப் போட்ட வீட்டுக்கு விளக்குக் கரி என்று கணக்கப்பிள்ளையை வைத்துத் தீட்டச் சொன்னார். யார் யாருக்குப் போட்டார்கள் என்று எப்படித் தெரியும்? பாதி பேர் குமஸ்தா முன்னால் வாய்விட்டுச் சொன்னவர்கள். மீதியை முகத்தை வைத்துத் தீர்மானித்தார்கள். மஞ்சள் வீடுகள் உள்ள பக்கமாகக் கல் ரோடு போட வேண்டும். அடுத்த தடவை எல்லை பிரிக்கும்போது கரி வீடுகள் வெளியே போகிற மாதிரி மனுக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் படம்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் ஓரத்துக் கட்டத்தைக் கணக்கப்பிள்ளை தொட்டார். எங்கள் வீடு. தாராளமாக மஞ்சள் குழைத்துப் போட்டார். ஈரம் வாய்க்காலின் நீலக் கோடு வரைக்கும் பரவியது.

"அது மஞ்ச இல்லீங்க" என்றேன்.

கதவுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தேன். மச்சாண்டார் தலையை நிமிர்த்தினார். இத்தனை வருஷத்தில் என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் ஆரு பேரையும் சொல்லலீங்க. உங்க தம்பிதானுங்க சொன்னாரு. எனக்கு ரெண்டு பேருக்குமே போட மனசில்லீங்க."

கணக்கப்பிள்ளை மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் கணவர் தூணோரம் நின்றிருந்தார். மச்சாண்டார் அவரைப் பார்த்து "என்னடா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சாண்டார் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. துணியை நனைத்துக் கட்டத்தைத் துடைக்கச் சொன்னார். தாள் நைந்து, எங்கள் வீடு இருந்த இடத்தில் அழுக்கு மஞ்சளாக ஒரு தடம்தான் மிஞ்சியது. அன்று சாயந்திரம் எங்களுக்குத் தனி அடுப்பு மூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அக்கா உப்புப் பானையை என் கையில் கொடுக்கும்போது அழுதார்.

மறுநாள் நான் முள்ளை விலக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி அங்கேயாவது கதவு திறக்கும் என்று நினைத்தேன். அண்ணன் கிணற்றடியில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். மாட்டை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அப்பிடின்னா எனக்கும் போட மனசில்லாமத்தான் போயிருக்கற. அவியளுக்குப் பயந்து போட்டீன்னு நெனச்சிருந்தன், அம்மிணி. அது எவ்வளவோ தேவல."

அவர் மாட்டை ஓட்டத் தொடங்கிவிட்டார். அம்மா உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்ல அவளால் முடியவில்லை.

கல் ரோடு வந்தது. மேற்கே மஞ்சள் வீடுகளோடு வந்து, எங்கள் வேலிக்கு முன்னால் வளைந்து போய்விட்டது. ஐந்தாறு மழைக்காலம் எங்கள் வண்டிச் சக்கரம் மட்டும் சேற்றில் இறங்கியது. கணவர் தோள் கொடுத்துத் தூக்குவார்; ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. தனி அடுப்பு வந்த பிறகு அவர் கொஞ்சம் பேசப் பழகியிருந்தார் என்றும் சொல்ல வேண்டும்.

பிறகு மறுபடியும் எல்லை பிரித்தார்கள். வார்டுகள் கூடின; வாய்க்கால் பழையபடி எல்லையானது. எங்கள் வீட்டைத் தன் வார்டில் வைக்க வேண்டாம் என்று மச்சாண்டார் சொல்லிவிட்டிருக்கிறார். அண்ணனும் அதையே சொல்லியிருக்கிறார். சிவப்புக் கோடு எங்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு போய், எங்களைத் தெற்கே சந்தைப் பாதை வார்டில் சேர்த்தது. அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

மச்சாண்டாரும் அண்ணனும் திரும்பவும் போட்டியில்லாமல் மெம்பர்கள் ஆனார்கள். கொஞ்ச நாளில் ஒரே வண்டியில் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார்கள். யார் சமாதானம் செய்துவைத்தது என்று கேட்டேன். யாரும் செய்துவைக்கவில்லையாம். சந்தையில் ஒரு காளையைப் பார்க்க இருவரும் குனிந்தார்களாம், அதிலிருந்து பேச்சு.

என் மகள் கல்யாணத்துக்கு இருவரும் வந்தார்கள். ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். நான் தட்டை வைத்தபோது வாய்க்கால் தூர் வாருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பேச்சை நிறுத்தாமல் ஒரு பாக்கை எடுத்துக்கொண்டார். மச்சாண்டார் மரியாதைக்குக் காலை மடக்கிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. பந்தி முடிந்து இலை எடுக்க ஆள் போதவில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, போனேன்.