பேட்டரியும் சுவர் பிளக்கும்

உத்திரமேரூரில் முப்பது வருஷம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். கடையை மகளிடம் விட்ட பிறகு, கோடை முகாம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மின்சாரமும் காந்தமும் செய்து காட்டக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் ஆளுக்கொரு இரும்பு ஆணி, செம்புக் கம்பி, ஒரு பேட்டரி கொடுத்தேன். கம்பியின் இரண்டு முனையிலும் மேலே பூசிய வார்னிஷைச் சுரண்டி, ஆணியில் நெருக்கமாகச் சுற்றி, பேட்டரியில் தொட வேண்டும். செல்வி என்ற பத்து வயதுப் பெண்ணின் ஆணி பதினோரு குண்டூசிகளைத் தூக்கியது. அன்றைக்கு அதுதான் அதிகம். தொடத் தயங்கியவர்களிடம், "கரண்ட்டுன்னா பயப்படக் கூடாது, தொட்டுப் பாருங்க" என்றேன். சாயங்காலம் பேட்டரிகளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு, கம்பி சுற்றிய ஆணியை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னேன்.

மறுநாள் காலை செல்வியின் அம்மா மல்லிகா அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வயல் வேலைக்குப் போகிறவர். கையில் அந்த ஆணி இருந்தது.

"கரண்ட்டு சொல்லிக் குடுக்குறவரு நீங்கதானா?"

"ஆமாம்மா."

"இத்த பிளக்குல சொருவப் போனா. நான் பாக்கலன்னா இன்னா ஆயிருக்கும்? கேட்டா, பயப்படக் கூடாதுன்னு சார் சொன்னாருன்றா. இவ அப்பாவுக்கு மோட்டார் ஸ்டார்டர்ல ஷாக் அடிச்சி ரெண்டு வெரலு இன்னும் மடங்காம கீது."

சுவர் பிளக் வேறு, பேட்டரி வேறு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்குத்தான் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

"தப்பு என்னுதும்மா. உங்க வூட்ல நடந்தத இந்தப் பசங்களுக்கு நீங்களே சொல்றீங்களா?"

மல்லிகா பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சொன்னார். கணவர் ஈரக் கையோடு ஸ்டார்டர் சுவிட்சைத் தொட்டது, கரண்ட் அவரைத் தூக்கி எறிந்தது, மூன்று மாதம் அவருக்கு இவரே சோறு ஊட்டியது. அதற்குப் பிறகுதான் பேட்டரியில் ஒன்றரை வோல்ட், சுவரில் இருநூற்று முப்பது என்று போர்டில் எழுதினேன்.

"அப்ப இது ஒண்ணும் பண்ணாதா?" என்று பேட்டரியைக் காட்டிக் கேட்டார் மல்லிகா.

"பண்ணாதும்மா. கம்பி சுட்டா மட்டும் வுட்டுடு" என்று செல்வி பேட்டரியை நீட்டினாள்.

மல்லிகா ஆணியில் சுற்றிய கம்பியின் முனைகளைப் பேட்டரியில் வைத்தார். குண்டூசிகள் ஆணியில் ஒட்டின. "புடிச்சிக்கினு கீதுடி" என்று மெல்லச் சொல்லிச் சிரித்தார். செல்வி முகாம் முடியும்வரை வந்தாள்.

இப்போதெல்லாம் என் முதல் வகுப்பு தொடக்கூடாதவற்றைப் பற்றித்தான். கரண்ட்டோடே இத்தனை வருஷம் இருந்தவனுக்கு, எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது தெரிவதில்லை. மல்லிகா நேரில் வந்து கேட்டதால் எனக்குத் தெரிந்தது.