ஏழு வருடம் என்ன செய்தாள் வின்சி

மேனேஜர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் வின்சி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலக அறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் லேப் பொறுப்பாளரும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருடம் வேறொரு மில்லின் லேபில் நூலைப் பரிசோதித்த அனுபவம் வின்சிக்கு உண்டு. அந்தச் சான்றிதழைப் பார்த்தவரை இருவருக்கும் திருப்திதான். தாளைப் புரட்டிய மேனேஜர், "அதுக்கப்புறம் ஏழு வருஷம் கேப் இருக்கேம்மா, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை.

வின்சி எழுந்து, முந்தானையைத் தலையில் போடப் போன கையைப் பாதியில் அடக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்று ஆரம்பித்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் தன் கதையைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். பாவாடை கட்டிய வயதிலிருந்து சபையில் சாட்சி சொல்லி வளர்ந்தவள். அந்தக் காலத்து உபதேசியார் நேசையன் பெண்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பழக்கியிருந்தார். எழுந்து நிற்க வேண்டும். ஸ்தோத்திரத்தில் தொடங்க வேண்டும். பட்ட பாட்டைச் சொல்லி, அதில் ஆண்டவர் எப்படி நடத்தினார் என்று முடிக்க வேண்டும். "சாட்சியில நான் செஞ்சேன்னு ஒரு வார்த்த வந்துரப்படாது, பிள்ளைகளா. செஞ்சது அவரு. நீங்க சும்மா நின்னவிய," என்பார். வின்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் சாட்சி சொல்ல எழுந்தால் பின்வரிசைப் பெண்கள் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அந்த அலுவலக அறையிலும் அப்படித்தான் சொன்னாள். ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்த லாரியின் டயர் வெடித்தது, ஓட்டி வந்த கணவர் கிளாட்வினுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது, இனி எழுந்து உட்காரவே மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னது, ஆண்டவர் தாங்கினது, ஆண்டவர் வழிதிறந்தது. முடிக்கும்போது லேப் பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில் "பாபம்" என்றார். தெலுங்கு புழங்கும் ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் தெரியாதா? இரக்கப்படுகிறார். இரக்கப்பட்டவர் வேலை தருவார் என்றுதான் வின்சி நம்பினாள்.

"சொல்லி அனுப்புறோம்மா," என்றார் அவர். சொல்லி அனுப்பவில்லை.

வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. ஏழு வருடமாக அவள் வீட்டு அரிசியும் பருப்பும் அக்கா ஞானரத்தினத்தின் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மிஷின் மிதித்தவள். துணியை இரண்டு தரம் அளக்காமல் கத்தரி வைக்க மாட்டாள். கொடுத்ததை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை அந்தப் பை வாசலில் இறங்கும்போதும் வின்சிக்கு உள்ளே என்னவோ சுருங்கும். இப்போது கிளாட்வின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். அவளுக்கு முப்பத்தொன்பது ஆகிறது. நாற்பது தாண்டிவிட்டால் மில்காரர்கள் பெயரைப் பார்க்கும் முன்பே வயதைப் பார்த்துத் தாளைத் திருப்பிவிடுவார்கள்.

இரண்டாவது முறை கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மில். அக்காவே சேலைக்கு மடிப்பு வைத்து, சான்றிதழ்களை வருட வாரியாக அடுக்கிக் கொடுத்து அனுப்பினாள்.

"அழப்படாது. கத சொல்லப்படாது. குடும்பச் சூழ்நிலைன்னு ரெண்டே வார்த்த. நீட்டினா எடுபடாது."

வின்சி அதையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். கேள்வி கேட்ட இளைஞர், "என்ன சூழ்நிலைம்மா?" என்றார். "குடும்பச் சூழ்நிலை சார்." "உங்களுக்கு எதாவது உடம்பு சரியில்லையா?" "இல்ல சார். குடும்பச் சூழ்நிலை." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. கேஸ் கீஸ் எதுவும் இருக்கா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கேஸா? எந்தங்கச்சி மேலயா? அவன் பேரு என்ன? நான் நேர்ல போயிக் கேக்கேன்."

"நீங்க போனா நெசமாவே கேஸ் ஆயிரும், மதினி," என்றார் கிளாட்வின்.

மூன்றாவது அழைப்பு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. காயத்துக்குக் கட்டும் துணி நெய்து, வெளுத்து, வெட்டிப் பொட்டலம் போடும் ஒரு சின்ன ஃபாக்டரி. தரம் பார்க்க ஆள் தேவை. போவதற்கு முந்தின சாயங்காலம் அக்கா தானே மேனேஜர் ஆனாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கையில் ஒரு பழைய காலண்டர் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிளாட்வின் மடியில் பலகையை வைத்து யாருடைய மிக்சியையோ பிரித்துப் போட்டிருந்தார்.

"எந்திரிக்காத. நீ எந்திரிச்ச, நானும் எந்திரிச்சுப் போயிருவேன். ம், சொல்லும்மா. ஏழு வருஷம் என்ன செஞ்ச?"

"எங்க வீட்டுக்காரரு அடிபட்டுப் படுத்த படுக்கையா கெடக்காவ. டாக்டருமாரு எல்லாம் கைவிட்டாவ. ஆண்டவர்தான்..."

"நிறுத்து," என்றார் கிளாட்வின். "மதினி, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"நீங்க யாரு தம்பி, இதுல கேக்கதுக்கு?"

"நானா? அந்தக் கேப்பே நான்தான மதினி."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையால் கேளுங்கள் என்று சைகை காட்டினாள்.

கிளாட்வின் திருப்புளியைக் கீழே வைத்தார். "நான் எந்திரிச்சு உக்காந்து எம்புட்டு நாளாச்சு? மிக்சி பாக்கேன், ஃபேன் பாக்கேன். இவ சாட்சியில மட்டும் இன்னும் படுத்தே கெடக்கேன். சரி, அது போட்டும். வின்சி, படுத்துக் கெடந்தப்ப என்னைய யாரு திருப்பிப் போட்டா?"

"ஆண்டவர் கிருபையில..."

"கிருபைய நான் இல்லைன்னு சொல்லல. முதுகுக்குக் கீழ கைய விட்டுத் திருப்பினது யாரு? காலை நீட்டி மடக்கினது யாரு? கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனது? நீ சொல்லுததக் கேட்டா ஏழு வருசமும் வேல பாத்தது பூரா அவருதான். அப்ப அந்த முதலாளி அவரத்தான வேலைக்கு எடுக்கணும்? அவருக்கு வேல வேண்டாம்ட்டி. உனக்குத்தான் வேணும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். பேச்சப் பாரு இந்த மனுசனுக்கு!"

வின்சி சிரிக்கவில்லை. "நான் செஞ்சேன்னு சொன்னா அது பெரும பேசுதது ஆயிராதா?" என்று கேட்டாள். உண்மையாகவே பயந்து கேட்டாள்.

"செய்யாதத சொன்னாத்தான் பெரும. நீ செஞ்சத நீ சொல்லாம, அந்த ரூமுக்குள்ள நானா வந்து சொல்லுவேன்? மாடிப்படி வேற இருக்காம் அங்க."

அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கவில்லை. அக்கா அட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். வின்சி பின்கட்டில் துணி அலசும்போது, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். "நான் பாத்துக்கிட்டேன்." வேறு யாருடைய செருப்பையோ போட்டு நடப்பதுபோல் இருந்தது. இன்னொரு தரம் சொன்னாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள். கொஞ்சம் பொருந்தியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஃபாக்டரியில் மாடியறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முதலாளி பீர் மைதீன், நரைத்த தாடியும் வெள்ளைச் சட்டையுமாக. இன்னொருவர் தரப்பிரிவைக் கவனிக்கும் அசீனா. வின்சியைவிடச் சின்னவள், விறுவிறுவென்று பேசுகிறவள். பழைய மில் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு அசீனா நேராக அந்தக் கேள்விக்கு வந்தாள்.

"ஏழு வருஷம் எங்கயும் வேலை பார்க்கலையாக்கா?"

வின்சியின் கைகள் நாற்காலியின் பிடியை அழுத்தின. கால் தானாக எழப் பார்த்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டுச்சு. நான் வீட்டுல இருந்து அவரப் பாத்துக்கிட்டேன்."

அவ்வளவு சின்னதாக அந்தக் கதை முடிந்ததில் அவளுக்கே ஆச்சரியம். சபையில் அதைச் சொல்லி முடிக்க இரண்டு பாட்டு நேரம் ஆகும். 'ஆண்டவர்' என்று நாக்கு நுனிக்கு வந்ததை அவள் கொஞ்சம் பொறு என்று நிறுத்தி வைத்தாள்.

"பாத்துக்கிட்டேன்னா?" என்றாள் அசீனா.

"அவரால தானாப் புரள முடியாது. நேரம் தப்பாமத் திருப்பிப் போடணும். இல்லைன்னா படுக்கப்புண்ணு வந்துரும். ராத்திரியும் எந்திரிக்கணும். தினம் கைக்கும் காலுக்கும் பயிற்சி குடுக்கணும். படுக்கப்புண்ணு ஒண்ணுகூட நான் வரவிடல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. நான் வரவிடல. உபதேசியார் எந்த மூலையிலிருந்தாவது கேட்டிருப்பாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பீர் மைதீன் முன்னால் சாய்ந்தார். "எங்க வாப்பா படுக்கையில இருந்தப்ப பாத்துக்கிட நாங்க நாலு பேரு இருந்தோம்மா. அப்படியும் புண்ணு வந்துருச்சு. நீங்க ஒரே ஆளாவா பாத்தீங்க?"

"எங்கக்கா ஒத்தாசை செஞ்சாவ. அவிய இல்லைன்னா அடுப்பு எரிஞ்சிருக்காது. ஆண்டவர் பெலன் குடுத்தாரு." வின்சி ஒரு நொடி நிறுத்தினாள். "ஆனா திருப்பிப் போட்டது நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. "பெலன் குடுக்கவனுக்குக் கொறச்சல் இல்லம்மா. ஷிப்டுக்கு நேரத்துக்கு வர ஆளுதான் கொறச்சல்."

பிறகு அசீனா அவளைக் கீழே அழைத்துப்போனாள். ஒரு துண்டுத் துணியையும் லென்சையும் கொடுத்து இழை எண்ணச் சொன்னாள். அது வின்சிக்குக் கைப்பழக்கம். விரல்கள் மறக்கவில்லை. அடுத்து ஒரு புது மிஷினைக் காட்டினாள். திரையும் பொத்தானுமாக இருந்தது. வின்சி வேலை பார்த்த காலத்தில் இது கிடையாது. எதையாவது அமுக்கிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். பிறகு, "இது எனக்குத் தெரியாது. காட்டித் தந்தா கத்துக்கிடுவேன்," என்றாள்.

"எனக்கே ஒரு மாசம் ஆச்சுக்கா," என்றாள் அசீனா. "இப்ப அவரக் கவனிக்க யாரு இருக்கா?"

"இப்ப அவரே அவரப் பாத்துக்கிடுதாரு. மிக்சி ரிப்பேரு பாத்துச் சம்பாதிக்கவும் செய்யுதாரு."

மேலே வந்ததும் பீர் மைதீன் முடிவைச் சொன்னார். மூன்று மாதம் பயிற்சியாக வரட்டும். சம்பளம் அனுபவக்காரர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மிஷினைக் கற்றுக்கொண்டால் நிரந்தரம். "ஞாயித்துக்கிழமையும் சில நாள் ஷிப்டு ஓடும்," என்றார்.

வேலை கைக்கு வந்த நேரம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் புதிதாகப் பழகிய 'நான்' என்ற அந்தச் சொல் அவள் வாயில் இன்னும் இருந்தது. "ஞாயிறு காலையில நான் கோயிலுக்குப் போகணும். மத்தியானத்துக்கு மேல எந்த ஷிப்டுனாலும் வாரேன்."

அசீனா முதலாளியைப் பார்த்தாள். அவர் தாடியைத் தடவினார். "வெள்ளிக்கிழம மத்தியானம் நான் பள்ளிவாசலுக்குப் போறப்ப ஆபீஸ்ல யாரும் என்னையக் கேக்கதில்ல. ஞாயித்துக்கிழமக் காலையில உங்கள நான் கேக்கல. திங்கக்கிழம வந்துருங்க."

பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா சந்தோஷப்படுவதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டு முடித்தாள். எத்தனை மணிக்கு ஷிப்டு, சாப்பாடு அங்கே உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, வரும்போது பஸ் உண்டா. எல்லாம் கேட்ட பிறகு சத்தம் இல்லை.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் இருக்கேன். மொதல்ல வீட்டுக்கு வா."

"அக்கா, அடுத்த மாசத்துல இருந்து அரிசி நான் வாங்கிக்கிடுதேன். நீ அனுப்ப வேண்டாம்."

"மொத சம்பளம் வரட்டும், பொறவு பேசு," என்றாள் அக்கா. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சங்கதி போய்ச் சேர்ந்திருந்தது. யார் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை காலை கிளாட்வினுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் சாப்பாடும் போனும் வைத்துவிட்டு, வைத்ததை மறுபடியும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள் வின்சி.

"போ," என்றார் அவர். "பஸ்ஸு எனக்காக நிக்காது."

தெருமுனையில் இசக்கியம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, தெரிந்ததையே மறுபடியும் கேட்கும் ஆசையில், "எங்கட்டி இம்புட்டுக் காலையில?" என்றாள்.

"வேலைக்குப் போறேன்," என்றாள் வின்சி, நிற்காமல்.