போட்டோவுக்கு ஒரு வாழைத் தோட்டம்

காலையில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்காரர் மடியில் ஒரு தகர போர்டு. வளைவுக்கு வளைவு என் முட்டியில் இடித்தது.

‘ஏற்றுமதி வாழைத் தோட்டம், அரசு மானியத் திட்டம்’ என்று புதுப் பெயிண்ட்டில் எழுதியிருந்தது.

“தோட்டம் எங்கண்ணே?”

“குமராட்சி பக்கம். கொள்ளிடத் தண்ணி ஏறி மொத்த வாழையும் அழுவிடுச்சு தம்பி.”

“அப்புறம் போர்டு எதுக்கு?”

“இத தோட்டத்துல நட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக் குடுத்தாதான் மானியமாம். அது வந்தாதான் மறுபடி கன்னு வைக்க முடியும்.”

இறங்கும்போது தயங்கிக் கேட்டார். “உங்க பக்கம் யார்னா வாழை வச்சிருக்காங்களா? ஒரு போட்டோவுக்கு மட்டும்.”

சிதம்பரம் பக்கம் சாயாத வாழை வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும். போர்டை அவரே நட்டு, அவரே பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.