கைக்குட்டை போட்ட நாற்காலி

பின்வாசலில் நின்றபடியே கைக்குட்டையை வீசுகிறார் சுப்புலக்ஷ்மி மாமி. ஊதாப் பூப்போட்ட அந்தக் கைக்குட்டை, கடைசி வரிசை ஜன்னலோர நாற்காலியில் குறி தப்பாமல் விழுகிறது. "ஹோ கயா, ஆச்சு! சீட் நம்மளோடது" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அரங்கில் பாதி காலியாகக் கிடப்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

உலக நாடுகளின் உறவுகளைப் பற்றி முதுகலைப் படிப்பு நடத்தும் கல்லூரி ஒன்று மும்பை செம்பூரில் இருக்கிறது. அங்கே யார் வந்து பேசினாலும் மாமி ஆஜர். மாட்டுங்காவில் எதிர்வீட்டில் இருக்கும் பாவத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நான் போவது சமோசாவுக்காக, அதை ஒளிப்பானேன்?

இன்சூரன்ஸ் ஆபீசுக்கு லோக்கல் ரயிலில் போய்வந்தே தலை நரைத்தவர் மாமி. ஓய்வு பெற்றும், ரயிலில் கைக்குட்டை போட்டு இடம்பிடித்த பழக்கம் விடவில்லை. ஒருநாள் அந்த ஜன்னலோரத்தில் பேராசிரியர் சுந்தரராமன் முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமி குனிந்து, "எங்க எறங்கப்போறேள்?" என்று கேட்டே விட்டார். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் இப்படிக் கேட்டுவைத்தால், உட்கார்ந்திருப்பவர் எழுந்ததும் இடம் நமக்கு.

"டீ டயத்துல எறங்கிடறேன் மாமி" என்றார் அவர், சிரிக்காமல்.

கேள்வி நேரத்தில் முதல் கை மாமியுடையது. "ரெண்டு தேசமும் கோச்சுண்டு எழுந்து போயிடறதே, அப்புறம் யார் மொதல்ல போன் பண்ணுவா?" என்று ஒரு முன்னாள் தூதரைக் கேட்டார். மனுஷர் ரசித்துச் சிரித்துவிட்டு, அதைப் பற்றியே வெகுநேரம் பேசினார்.

பி.ஏ. முடித்த கையோடு வேலை கிடைத்ததால் மாமியின் எம்.ஏ. ஆசை அப்படியே நின்றுபோனது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். கேட்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

போன வாரம் மாணவர் சேர்க்கைக்கான அறிமுகக் கூட்டம். அன்று மட்டும் சமோசா முதலிலேயே வந்துவிடும். வழக்கம்போலக் கைக்குட்டையை வீசிவிட்டு, விவரம் சொல்லும் மேஜைக்குப் போனார் மாமி. அங்கே இருந்தவள் சஃப்ரீன், கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கும் தாராவிப் பெண்.

"இந்த வருசமும் மகளுக்குத்தானா ஆன்ட்டி?"

மகள் மானசா புனேயில் வேலை பார்க்கிறாள். படிப்புக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டு வருஷங்கள் ஆகின்றன. அது எனக்குத் தெரியும்; மாமி வருஷாவருஷம் அவள் பேரைச் சொல்லி இங்கே விசாரித்ததுதான் தெரியாது.

"வயசெல்லாம் பாப்பேளா?" என்றார் மாமி.

"யாருக்குக் கேக்கிய?"

"நேக்குத்தான்."

என் வாயில் சமோசா அப்படியே நின்றது.

சஃப்ரீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டிகிரி இருந்தாப் போதும் ஆன்ட்டி. பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் இருக்கு, கொஞ்சம் கஷ்டந்தான். சேரப்போறவங்க எல்லாம் மொத வரிசை. போயி இருங்க."

முதல் வரிசை முழுக்கச் சின்னப் பிள்ளைகள். நடுவே ஒரே ஒரு நாற்காலி காலி. அதைப் பார்த்த மாமி, திரும்பிக் கடைசி வரிசைக்கு நடந்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் அவர் உட்காரவில்லை. கைக்குட்டையை எடுத்து ஒரு உதறு உதறினார். மடமடவென்று முன்னால் போனார். இந்த முறை வீசவில்லை. காலி நாற்காலியில் விரித்து, நான்கு மூலையையும் விரலால் நீவிவிட்டார்.