பதினைந்து லட்சத்துக்கு மூன்று கட்டம்

போன வருடம் மார்ச் கடைசியில், ஆரணியில் நான் வேலை பார்க்கிற பட்டுச் சேலை கம்பெனியில் நடந்தது இது. தார் சுற்றுகிற பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கிற வேலை. என்னிடம் ஒன்பது பெண்கள். மூன்று வருடமாக அவர்களுக்குச் சம்பளம் ஏறவில்லை.

வழக்கமாக பட்ஜெட்டை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வருவோம். அந்த வருடம் அவருடைய மகன், எல்லாப் பிரிவுக்காரர்களும் டி.வி.யில் சார்ட் போட்டுத்தான் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பி.காம். படித்திருக்கிறேன், ஆனால் படித்ததெல்லாம் மறந்து எத்தனையோ காலம். நான்கு நாள் உட்கார்ந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். 'எண்களை வாசிக்காதீர்கள், படமே பேசும்' என்று அதில் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

இரண்டு படம் போட்டு முடித்ததும் கொஞ்சம் மிதப்பு வேறு வந்துவிட்டது. டிசைன் பிரிவுக்காரர் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒரு மயிலை வரைந்துகொண்டிருந்தார். "இன்னும் தாள்லதானா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். எங்கள் இருவருக்கும் அவ்வளவாக ஆகாது. அவர் புதுக் கம்ப்யூட்டர் கேட்டிருந்தார், நான் சம்பள உயர்வு கேட்டிருந்தேன். எனக்குக் கிடைத்தால் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

வியாபாரிகளுக்குச் சேலை காட்டுகிற ஹாலில்தான் கூட்டம். ஜன்னல் வெயில் டி.வி.யில் விழுந்ததால் எண்கள் சரியாகத் தெரியவில்லை. கலர் பட்டைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. முதல் படம், சுற்றும்போது வீணாகிற நூல் கழிவு; அதைத் தலையாட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடச் சொன்னார்கள். அது செலவுப் படம்: முந்தின வருடச் செலவுக்கு ஒரு பட்டை, புது வருடத்துக்கு நான் கேட்பதற்கு ஒரு பட்டை. கையைக் கட்டிக்கொண்டு, படம் பேசட்டும் என்று நின்றேன்.

முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, இவ்ளோ ஒசரம் போவுது?"

"கொஞ்சம்தாங்க ஏத்திக்கீறேன்."

"இதுவா கொஞ்சம்? போன வருஷம் இத்துனூண்டு கீது, இந்த வருஷம் மூணு மடங்கு நிக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு லட்சம்தாங்க கூட கேக்கறேன்" என்றேன். "ஒரு லட்சம்னா படம் ஏங்க இப்படி வருது?" என்று மகன் கேட்டார். கேவலம், அந்த நிமிடத்தில் நான் என் கணக்கையே சந்தேகப்பட்டேன். கம்ப்யூட்டர் தப்பு செய்யுமா, நான்தான் எங்கேயோ தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று கையிலிருந்த தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தாளில் பதினான்கு லட்சம், பதினைந்து லட்சம் என்றுதான் இருந்தது. டி.வி.யில் மூன்று மடங்கு இருந்தது. எதை நம்புவது என்றே தெரியவில்லை.

முதலாளி மகனிடம் திரும்பி, "பேஜாரு. நூல பக்கத்து ஊரு முள்ளிப்பட்டுல குடுத்தா வீட்டுல வெச்சே சுத்தி குடுப்பாங்க. இந்தப் பிரிவே வாணாம்" என்றார். சம்பள உயர்வு கேட்கப் போய் ஒன்பது பேரின் வேலைக்கே உலை வைத்துவிட்டேன்.

அப்போது டிசைன்காரர் எழுந்து டி.வி. பக்கத்தில் போனார். விரலை வைத்துப் பட்டைகளுக்குப் பின்னால் இருந்த கோடுகளை எண்ணினார்.

"பதினாலு லட்சத்துக்கு ஒரு கட்டம், பதினஞ்சு லட்சத்துக்கு மூணு கட்டம். எங்க வேலையில இப்டி போட்டா மயிலுக்குக் காலே வராதுங்க. கீழ பாருங்க, பதிமூணரை லட்சத்துலதான் கோடே ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ இருக்கறது எல்லாத்தையும் வெட்டிட்டு காட்டிகினு இருக்கு."

கம்ப்யூட்டர் தானாகவே அப்படிப் போட்டுவிட்டதாம். மகன் லேப்டாப்பை வாங்கிப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைத்தார். இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. முதலாளி இரண்டு பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நூல் கழிவை வேற பாதிக்கு மேல கொறச்சிக்கீறாங்க, மொத படத்துல பாத்தோமே. அதுக்காவ பிரிவு இருக்கட்டும். ஏத்திக் குடு" என்றார். டிசைன்காரரிடம், கம்ப்யூட்டரை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அவர் சரிங்க என்றார்.

என் பெண்களிடம் சொன்னபோது மெஷினை நிறுத்தாமலே சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் அந்த ஃபைலைத் திருத்தலாம் என்று திறந்தேன். முதல் படத்தைப் பார்த்ததும் பகீரென்றது. வருடத்துக்குப் பன்னிரண்டு கிலோவாக இருந்த நூல் கழிவு பதினொன்றாகியிருந்தது. குறைந்தது ஒரே ஒரு கிலோ. படத்தில் மூன்று கட்டம் ஒரு கட்டமாக இறங்கியிருந்தது. முதலாளி பார்த்த 'பாதிக்கு மேல்' அதுதான்.

நேராக டிசைன்காரரிடம் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மொத படமும் அப்படித்தான் இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். எண்ணிட்டுத்தான் உக்காந்துகினு இருந்தேன்."

"அத ஏன் சொல்லல?"

"ரெண்டாவது படந்தான் அந்த ஒம்போது பேரை வெளிய தள்ளிச்சி. மொதல்து யாரையும் தள்ளல. அதுக்கு மேல எனக்கும் தெரியல. நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க, நான் சாட்சிக்கு வர்றேன்." கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இரண்டு முறை முதலாளி அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். சொன்னால் ஒன்பது பேருக்கு என்ன ஆகுமோ என்று பயம். அது அவர்களுக்கான பயமா, என் பெயருக்கான பயமா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். வெளியூர் ஆட்கள் வரும்போது, "கழிவைப் பாதியா கொறச்சது இவங்கதான்" என்று முதலாளி பெருமையாகச் சொல்கிறார். அப்போது சிரித்துக்கொண்டு நிற்கிறேனே, அந்த என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.