கரையிலிருந்து போட்ட சண்டை

மூன்று வருடத்துக்கு முன்பு, பொங்கல் முடிந்த கையோடு நானும் என் வீட்டுக்காரரும் அந்தமானுக்குப் போனோம். நான் சொல்லப்போவது நடந்தது மாயாபந்தர் பக்கம் ஒரு கடற்கரையில். அந்தக் கிராமத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த லீவுக்கே கூட்டமாகக் கிளம்பிப் போய், சிப்ஸ் பாக்கெட்டை மணலில் போட்டுவிட்டு வருவீர்கள். ஒரு இடமாவது நன்றாக இருக்கட்டும்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அருப்புக்கோட்டையில் மாவு மில். பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் தொண்டை அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. நான் சாதாரணமாகப் பேசினாலே எதிர்வீட்டுக்காரி சண்டை என்று நினைத்து ஜன்னலைத் திறப்பாள். பாதி நாள் அவள் நினைப்பது சரிதான். வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வராவிட்டாலும் பருப்பு வராவிட்டாலும் ஊர் அவரைத்தான் திட்டும். பதில் பேசினால் வரிசை நகராது. அதனால் வாயை மூடிக்கொண்டு அடுத்த கார்டை வாங்குவார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சுவரைப் பார்த்துக் கத்தினால் எதிரொலியாவது வரும். இந்த மனிதரிடமிருந்து அதுவும் வராது.

ஓய்வு பெற்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கூட்டமே இல்லாத ஊருக்கு ஒரு தடவை போகணும்." வாழ்நாள் முழுக்க வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் வேறு என்ன கேட்பார். எங்கள் மகள் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பகுதியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். எல்லோரும் போகிற மாதிரி ஹேவ்லாக் தீவுக்கும் போனோம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தேனிலவு ஜோடிகளும் செல்ஃபி குச்சியும். ரேஷன் கடைக்குப் பாமாயில் லோடு வந்த அன்று அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது. திரும்பி வந்து லாட்ஜுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்த தமிழ்க்காரரிடம் புலம்பினேன். "கூட்டம் வேணாம்னா மாயாபந்தர் பக்கம் போங்கக்கா. எங்க மச்சான் அங்க ஒரு கிராமத்துல கடை வச்சிருக்காரு, பின்னாடி ரூம் இருக்கு" என்றார். காலை இருட்டில் பஸ் ஏறி, காட்டு வழியாக ஒரு நாள் முழுக்கக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பு போய்விட்டது. வழி நெடுக நான் திட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த மச்சான், கடைக்கார பாய், நல்ல மனிதர். தாத்தா காலத்திலேயே கீழக்கரையிலிருந்து தீவுக்கு வந்த குடும்பம். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி. மறுநாள் மத்தியானம் கடற்கரைக்கு வழி சொல்லி அனுப்பும்போது, "நாலரைக்குள்ள திரும்பிருங்கக்கா. இங்க சூரியன் மெயின்லேண்ட் மாதிரி ஓவர்டைம் பாக்காது" என்றார். சும்மா பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன். கடற்கரைக்குப் போய் யாராவது நாலரைக்குத் திரும்புவார்களா? வெயில் தாழத்தானே அங்கே போவதே.

கடற்கரையில் ஒரு ஆள் இல்லை. கடல் உள்வாங்கிக் கிடந்தது. கரையிலிருந்து ஒரு மணல் திட்டு நீளமாகப் போய், கடலுக்குள் இருந்த ஒரு பாறைக் குன்றைத் தொட்டது. அதன்மேல் நாலைந்து மரங்கள். அவர் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு மூட்டுவலி, நான் வரவில்லை என்று ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். போனை என் பையில் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணல் திட்டில் நடந்து போனார். பாதி தூரத்தில் நின்று திரும்பி எனக்குக் கையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குக் கையாட்டியது அதுதான் முதல் தடவை. நானும் ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் ஆட்டினேன்.

குன்றுக்குப் பின்னால் போனவர் வரவில்லை. நண்டு பார்த்துக்கொண்டிருப்பார் என்று நான் நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். மணி ஐந்துதான். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குக் காயப்போட்ட மிளகாயைக்கூட அள்ளமாட்டோம். இங்கே பார்த்தால் சூரியனைக் காணோம். சற்று நேரத்தில் மில்லில் கரண்ட் போன மாதிரி இருட்டிவிட்டது. இந்தத் தீவு எங்கேயோ கிழக்கே கிடக்கிறது, கடிகாரம் மட்டும் நம் ஊர்க் கடிகாரம். நாடு முழுக்க ஒரே மணி வைத்தவன் யாரோ, அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

எழுந்து தண்ணீர்ப் பக்கம் போனேன். மணல் திட்டு இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்று கத்தினேன். விடாமல் கத்தினேன். என் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாயில்கூட முழங்கால் அளவுக்கு மேல் இறங்கமாட்டார்.

நாங்கள் திரும்பவில்லை என்று பாய் ஸ்கூட்டரில் தேடி வந்தார். "அண்ணன் எங்கக்கா?" என்றார். நான் கடலைக் காட்டினேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், ஒரு வங்காளி மீனவரையும் அவர் மனைவியையும் கூட்டிவந்தார். மீனவர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. பாயிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அதில் 'நாலா' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"நாலான்னா என்ன பாய்?"

"ஓடை. அந்தப் பக்கம் கடல்ல சேருது. தண்ணி ஏறும்போது ஆளை அங்கதான் இழுக்கும்."

"இழுத்தா?"

"அங்க முதலை இருக்குக்கா."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். மீனவரின் மனைவி என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

மீனவர் படகைத் தள்ளினார். கிளம்புமுன் அவர் சொன்னதைப் பாய் எனக்குத் தமிழில் சொன்னார். "பாறை நிறைய இருக்கு, இன்ஜின் போட முடியாது. துடுப்புப் போட்டுத்தான் போகணும். இருட்டுல எந்தப் பக்கம்னு தெரியாது. அண்ணன் குரல் கேட்டா புடிச்சிரலாம். நீங்க கூப்பிடுங்க, அவரைப் பேச வைங்க. நின்ன இடத்தை விட்டு அசையக்கூடாதுன்னு சொல்லுங்க."

பேச வைக்க வேண்டும். என் வீட்டுக்காரரை. முதலையைப் பிடித்து வரச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

தொடங்கினேன். "நின்ன இடத்துலயே நில்லுங்க. அசையாதீங்க. அவ்வளவு தூரம் போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? சொன்னா என்னைக்குக் கேட்டிருக்கீங்க? மகளைப் பொண்ணு பாக்க வந்தப்ப வாயைத் தொறந்தீங்களா? எங்க அண்ணன்தான் பேசினாரு, நீங்க பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தீங்க. மில்லு மோட்டார் எரிஞ்ச அன்னைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. விடிய விடியப் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. உக்காந்தா போதுமா? எனக்கு ஆபரேஷன் பண்ணப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கிடந்தீங்களாமே, நர்ஸ் சொன்னா. எங்கிட்ட ஏன் சொல்லல..."

அப்போது என் வாயை ஒரு கை மூடியது. அந்த வங்காளிப் பெண்ணின் கை. கடுகெண்ணெய் வாசம் அடித்தது. "சுப், தீதி. சுனோ" என்றாள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அது புரிந்தது. சும்மா இரு அக்கா, கேள் என்கிறாள். நான் நிறுத்தவே இல்லை என்றால் படகில் இருக்கிறவருக்கு என் வீட்டுக்காரர் குரல் எப்படிக் கேட்கும்? என் வாயைப் பொத்தும் தைரியம் பெற்ற தாய்க்குக்கூட வந்ததில்லை. வேறு நேரமாக இருந்தால் அந்தக் கையைக் கடித்திருப்பேன்.

கேட்டோம். அலைச் சத்தம். துடுப்புச் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

கையை எடுத்தாள். மறுபடி கத்தினேன். மறுபடி பொத்தினாள். ஒன்றுமில்லை. தொண்டை கட்டத் தொடங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பாய் பக்கத்தில் வந்து, "சும்மா திட்டாதீங்கக்கா. அண்ணனுக்கு ரோஷம் வர்ற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க" என்றார்.

அவருக்கு எதில் ரோஷம் வரும்? யோசித்தேன். எங்கள் வீட்டில் காலைக் காப்பி அவர் போடுவது. அதில் மட்டும் யாரையும் தலையிட விடமாட்டார். டபராவைக்கூட வெந்நீரில் கழுவிவிட்டுத்தான் ஊற்றுவார். உண்மையைச் சொன்னால், அந்தக் காப்பிக்கு எங்கள் தெருவிலேயே ஈடு கிடையாது.

"தினம் காலைல ஒண்ணு கலக்கித் தர்றீங்களே, அதுக்குப் பேரு காப்பியா? மில்லுல மிஷின் கழுவுற தண்ணி அதைவிட நல்லா இருக்கும். இத்தனை வருஷமா வாயைப் பொத்திக்கிட்டுக் குடிச்சேன்."

இந்தத் தடவை அவள் பொத்துவதற்கு முன்னால் நானே வாயை மூடிக்கொண்டேன்.

இருட்டுக்குள்ளிருந்து, நான் நினைத்திருந்த இடத்துக்கு ரொம்ப இடது பக்கத்திலிருந்து, குரல் வந்தது.

"காப்பியப் பத்தி மட்டும் பேசாத."

படகிலிருந்து மீனவர் ஏதோ கூவினார். "இன்னொரு தடவை பேச வைக்கச் சொல்றாரு" என்றார் பாய்.

"டிகாஷன் பச்சத் தண்ணி மாதிரி இருந்தா பேசாம என்ன செய்றது?"

"நீதான் சிக்கரிய ஜாஸ்தி போடச் சொல்லி பொடி வாங்குற. விலை கம்மின்னு."

"யாரு, நானா?"

"நீதான். பாலும் நீதான். பால்காரன்ட்ட சண்டை போட்டுப் போட்டு, அவன் நமக்குன்னா தனியாத் தண்ணி ஊத்துறான்."

எத்தனை வருட பாக்கியோ, எல்லாம் வந்தது. நான் ஒன்று சொல்வேன், நிறுத்துவேன். அவர் ஒன்று சொல்வார். பாய் ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துடுப்புச் சத்தம் அந்தக் குரலை நோக்கிப் போனது. பிறகு குரல் நின்றது. என் உயிரும் கொஞ்சம் நின்றது. அப்புறம் மீனவர் டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

படகிலிருந்து இறங்கும்போது என் வீட்டுக்காரருக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பாறை கிழித்துக் காலில் ரத்தம். திட்டு முழுகுமுன் திரும்பிவிடலாம் என்று குன்றிலிருந்து இறங்கி, இருட்டில் வழி தவறி, மார்பளவு தண்ணீரில் ஒரு பாறைமேல் நின்றிருந்தாராம். இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் ஓடைதான் என்று மீனவர் கையைக் காட்டிச் சொன்னார்.

"முதல்லயே ஏங்க பதில் சொல்லல? நான் கத்துனது கேக்கலையா?"

"கேட்டுச்சு. இருட்டுனதும் நானும் கத்திப் பாத்தேன், அலைச் சத்தத்துல எடுபடல. பெறகு உன் சத்தம் வந்துச்சு. சரி, கரை அங்க இருக்கு, ஆளு வந்துரும்னு நின்னுட்டேன். நீ முடிச்சதும் பேசலாம்னு இருந்தேன். நடுவுல நிறுத்துனப்ப மூச்சு வாங்குறன்னு நினைச்சேன், நீ முடிக்கவே இல்ல."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

மீனவர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். என் வீட்டுக்காரருக்கு உலர்ந்த லுங்கி கொடுத்தார்கள். எல்லோருக்கும் சூடாகத் தேநீர், கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்த பொரி. அந்தப் பெண் பாய் மூலமாக என் வீட்டுக்காரரிடம், "வீட்டிலும் தீதி இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல, வீட்ல கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். ஒரே நாளில் மனிதருக்கு வாய் முளைத்துவிட்டது.

நான் திருந்திவிட்டேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். மில் ஓடுகிறவரை என் சத்தமும் குறையாது. ஆனால் இப்போதெல்லாம் கத்தி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகிறது, அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு இன்னமும் அந்த அலைச் சத்தம் கேட்கிறது.